சோத்துக்கைப் பக்கம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். ஆட்டம் பத்து மணிக்கு. ஒரு மணி நேரம் முன்னதாக உட்கார்ந்தால்தான் தூசியைத் தட்டி, ஃபேனைத் துடைத்து, இந்த வாரம் புதிதாக என்ன கெட்டிருக்கிறது என்று பார்த்து முடிக்க முடியும். பாளையங்கோட்டையில் இன்னும் சொந்தக் கணினியில் ஆடுகிறவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். மற்ற வீடுகளில் ஆட்டப்பெட்டிதான். திருகாணி கிடையாது, மூடி கிடையாது. கை வைத்தால் ஆட்டம் தொடங்கிவிடும்.

ஓசூரில் இருக்கும் என் அண்ணன் இசக்கிராஜும் பெட்டிக்காரன்தான். "ஏட்டி வதனி, நீ விளையாடுதியா, ஒர்க்‌ஷாப் நடத்துதியா?" என்று கேலி செய்வான். கேட்டுவிட்டுப் போகட்டும். நான் குடிநீர் வாரியத்தில் பம்புகளைப் பிரித்து மாட்டுகிறவள். திறக்க முடியாத பொருள் எதையும் நான் நம்புவதில்லை.

முப்பது வருடமாக எங்களுக்கு ஒரே ஆட்டம், மலைப்பாதையில் லாரி. அவன் டிரைவர், நான் கிளீனர். வரைபடம் என் திரையில் மட்டும் தெரியும். வளைவு வருவதை நான் கத்திச் சொல்ல வேண்டும். வலது, இடது என்று நாங்கள் சொல்வதில்லை. சோத்துக்கை, பீச்சாங்கை. வினை அங்கேதான். அண்ணன் பிறவி இடக்கைக்காரன். சின்ன வயதில் இடது கையால்தான் சோறு அள்ளுவான். அம்மா அடித்து அடித்து மாற்றினாள். கை மாறியது, மண்டை மாறவில்லை. அவசரத்தில் "சோத்துக்கை!" என்று கத்தினால் இடது பக்கம்தான் ஒடிப்பான். லாரி பள்ளத்தில் கிடக்கும். அப்புறம் அரை மணி நேரம் சண்டை. அந்தச் சொல்லை மாற்றித் தொலையுங்களேன் என்பார் என் கணவர். அது எப்படி முடியும்?

இந்த மாசி மாதத்திலிருந்து அண்ணன் விழவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் சரியாக ஒடித்தான். ஐம்பத்தாறு வயதில் திருந்திவிட்டானே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் நாளே செய்தி அனுப்பினேன்: "இன்னைக்குத்தாண்ணே மனுசன் மாதிரி ஓட்டிருக்க."

வைகாசியில் ஒரு நாள், ஒன்பதாம் வளைவு தாண்டியதும், கணவரிடம்கூட அதுவரை சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னேன். மார்பில் கட்டி இருக்கிறது, எடுக்க வேண்டும் என்கிறார்கள் என்று. "சரிட்டி, பாத்துக்கிடலாம்" என்றான். அவன் குரலில் அதைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆண்பிள்ளை, கேட்கச் சங்கடப்படுகிறான் என்று விட்டுவிட்டேன்.

இந்தச் சனிக்கிழமை ஃபேன் நன்றாகவே இருந்தது, ஆனால் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. ஒலி கார்டுக்குச் சரியான டிரைவர் இல்லை. லாரிக்கு ஒரு டிரைவர் போதும், இந்தக் கணினிக்கு மட்டும் பத்து டிரைவர். எங்கே தவறு என்று தேடப் போய்ப் பதிவுக்கோப்பைத் திறந்தேன். அதில் போன வார ஆட்டத்துக்கு நேரே ஒரு வரி இருந்தது. "எதிர்முனை: நிழல்." அதற்கு முந்தைய வாரமும் நிழல். அதற்கும் முந்தைய வாரமும். எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு வாரம்.

ஏழு விநாடி விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதற்காகவும் யாரும் ஏழு விநாடிக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்பது சட்டம். ஆடுகிறவர் வரத் தவறினாலோ, பாதியில் எழுந்து போய்விட்டாலோ, அவருடைய கைப்பழக்கத்தையும் குரலையும் வைத்துப் பெட்டியே ஆடும். நிழலாட்டம் என்று பெயர். தவறுகளை மட்டும் வடிகட்டிவிடும். மறுமுனையில் இருப்பவருக்குச் சொல்லாது, மனம் புண்படுமாம். டீ குடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வசதி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன் போட்டேன்.

"அண்ணே, போன வாரம் ஆட்டம் எப்படி?"

"சூப்பர்லா! முப்பத்தோரு வளைவு, ஒரு கீறல் இல்ல."

ஆட்டம் முடிந்ததும் பெட்டி அனுப்பும் சுருக்கத்தை வாசிக்கிறான்.

"ஓட்டுனது நீயா?"

பதில் வர ஏழு விநாடிக்கு மேல் ஆனது.

"மாசில ஒரு நா ஷிப்ட் மாறிட்டு. வந்து பாத்தா ஆட்டம் முடிஞ்சிருக்கு. மனுசன் மாதிரி ஓட்டிருக்கன்னு நீ செய்தி போட்டிருந்த. நா ஓட்டுனா பள்ளத்துலதான் கெடக்கோம். அது ஓட்டுனா நீ சந்தோசமா இருக்க. இருந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டேன். கோபம் அவன் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. தனிப்பட்ட பேச்சைச் சுருக்கத்தில் சேர்க்கக் கூடாது என்பதும் சட்டம்தான். அப்படியென்றால் வைகாசியில் நான் சொன்னது அவன் காதுக்குப் போகவே இல்லை. எனக்கு ஆறுதல் சொன்னது பெட்டி.

அடுத்த சனிக்கிழமை ஒன்பதரைக்கு அண்ணன் வாசலில் நின்றான், தோளில் ஒரு பையோடு. ஓசூரிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனாலும் மூன்று வருடமாக அவன் வரவில்லை, நானும் போகவில்லை. நான் இரண்டு நாற்காலி போட்டுக் கணினியை ஆன் செய்தேன். திரையில் வந்தது: "அப்டேட் நடக்கிறது. இருபத்திரண்டு நிமிடம்."

"இதுக்குத்தாம்ட்டி நா பெட்டி வாங்குனேன்."

"பேசாம இரு."

அவனுக்குக் காத்திருக்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. மேசையைத் தட்டினான். நாலு சதவீதம். ஃபேன் சுற்றுவதைக் குனிந்து பார்த்தான். ஒன்பது சதவீதம். பார்க்க வேறு எதுவும் இல்லாமல் என் முகத்தைப் பார்த்தான்.

"மெலிஞ்சிருக்க" என்றான். பிறகு, "அந்தப் பதினெட்டு வாரத்துல எங்கிட்ட ஏதும் சொன்னியாட்டி?"

"சொன்னேன். மார்ல கட்டி. புதன்கிழம எடுக்காங்க."

பாத்துக்கிடலாம் என்று அவன் சொல்லவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டான்.

"எந்தப் பக்கம்?"

"சோத்துக்கைப் பக்கம்."

அவன் கை மெதுவாக எழுந்து தன் இடது மார்பில் போய் நின்றது.

நான் திருத்தவில்லை. என் அண்ணன்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, அப்டேட் முடிய இன்னும் பத்தொன்பது நிமிடம் இருந்தது.