பலூனில் மிஞ்சிய காற்று

ஆய்வகத்தில் மின் உலையை இன்னும் போடவே இல்லை. ஆனாலும் அழுத்தமானியின் முள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்கேயாவது கசியும்க்கா. நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றாள் கூட வேலை பார்ப்பவள், கைப்பையை மாட்டிக்கொண்டே. "சூடு மட்டும் வச்சிராதீங்க. கல்லு கரியாயிடும். அப்புறம் தலைகீழா நின்னாலும் திரும்ப வராது."

"நீ கிளம்பும்மா."

கதவு சாத்தியதும் பம்பின் முனகலும், சுட்ட எண்ணெய் நெடியும், சாயங்கால வெயில் எஃகுக் கலத்தின் மேல் போட்டிருந்த ஜன்னல் கம்பி நிழலும்தான் தனியே நின்றவளுக்குத் துணை. கலத்துக்குள் இருந்தது, இறந்துபோன மகளின் தலைமுடியைக் கரியாக்கி அம்மா அவளே வளர்த்த வைரம். மிளகளவுதான். மகளுக்கு வீசிங். நெஞ்சு பலப்பட டாக்டர் சொல்லி அவள் ஊதிய பலூன், குழந்தை போன பிறகும் கட்டில் காலடியில் சுருங்கிக் கிடந்தது. அந்தக் காற்றையும் கரியோடு சேர்த்து வைரம் அழுத்தும் அச்சில் அடைத்தாள். மற்ற வாயுக்கள் எதனோடாவது கலந்துவிடும். மூச்சிலிருந்த ஆர்கான் மட்டும் எதனோடும் ஒட்டாது. கல்லில் மாட்டினால் வெளியேறவும் வழியில்லை. பாப்பாவின் மூச்சு பத்திரமாக இருக்கும் என்று நினைத்தாள். பாவி மனசு, அப்படித்தான் நினைத்தது.

முள் ஏறியது. இரண்டு குட்டி இழுப்பு, ஒரு நீள இழுப்பு, பிறகு ஒன்றுமில்லை. இது அவளுக்குத் தெரியாதா? எத்தனை ராத்திரி பாப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

கல்லுக்குள் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது.

"இரு கண்ணு. அம்மா திறந்துவிடறேன்."

உலையைப் போட்டாள். பார்வைக் கண்ணாடிக்கு அப்பால் கல் சிவந்தது, வெளுத்தது, விளிம்பிலிருந்து கறுத்தது. மகளென்று மிஞ்சியிருந்த ஒரே பொருள். வாயு அளக்கும் கருவியின் திரையில் ஆர்கானின் கோடு ஒரே ஒரு தடவை எழும்பியது. அவள் அழுதாள். நிம்மதியில்தான் அழுதாள்.

முள் துடித்தது. வேகமாக. இழுப்பு. இழுப்பு. இழுப்பு.

அப்போதுதான் உறைத்தது. கலத்தில் காற்றே இல்லை. காலையிலிருந்து பம்ப் போட்டு, துளி காற்றில்லாமல் உறிஞ்சி வைத்தது அவளேதான். பிள்ளையைத் திறந்துவிட்டது அதற்குள்.

பம்பை நிறுத்தினாள். வால்வைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று பாய்ந்தது. குடமளவு கலம், நொடியில் நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பவில்லை. மேஜைக் காகிதங்கள் வால்வை நோக்கி நகர்ந்தன. அவள் கூந்தல் முன்னால் இழுபட்டது. காது அடைத்தது. ஜன்னல்கள் முனகின.

"அம்மா இருக்கேன்டா."

மண்டியிட்டாள். வால்வின் வாயில் வாய் வைத்து ஊதினாள்.

உள்ளேயிருந்து சின்ன உதடுகள் பற்றிக்கொண்டன. ஈரமாக. பலூனைப் பிடிப்பது மாதிரி.

ஊத நெஞ்சில் காற்று தீர்ந்தது. உதடுகள் விடவில்லை.