நோன்பு மாதத்தில் ஒரு பிளேன்ரீ

திருகோணமலைப் புகையிரதக் கண்காட்சியில், பழைய மர ரயில்பெட்டி ஒன்றுக்குள் நால்வர் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். ஒரு பக்கம் யன்னலோரம் சுபைதா, அருகில் அவளது சிநேகிதி தர்சிகா. மறுபக்கம் யன்னலோரம் ஏற்பாட்டாளன் சசிகரன், அருகில் சுபைதாவின் கணவன் ஹஸ்மி. நடுவிலிருந்த மடிப்பு மேசையில் பால் கலக்காத இஞ்சிப் பிளேன்ரீ ஒரு கிளாஸ். அதைத் தர்சிகாவுக்கென்று ஹஸ்மி வாங்கி வந்திருந்தான். ரமழான் மாதம். சசிகரன் தனக்கு வேண்டாமென்றுவிட்டான்.

"திங்கக்கிழமை கோட்டுல சாட்சிக்கூட்டுல ஏறி நடுங்காதடி," என்றாள் சுபைதா.

"ஏன் நடுங்க? கோச்சி வரேக்க றெயில்வே கேற் திறந்து கிடந்தது. கண்டனான், சொல்லப்போறன். கோச்சி அடிச்சு அந்தப் பிள்ளை செத்ததுக்கு ஆராவது பதில் சொல்லத்தானே வேணும்."

படம் காட்டுவதற்காகச் சசிகரன் யன்னல் பலகைகளை இறக்கினான். பெட்டி இருண்டது.

வெளிச்சம் வந்தபோது சுபைதா மேசையில் கவிழ்ந்து கிடந்தாள்.

"நோன்பு மயக்கம்! தண்ணி தெளியுங்க!" என்று யாரோ கத்தினார்கள். ஹஸ்மி வைத்தியரைத் தேடி வாசலால் ஓடினான். தர்சிகா அவளை மடியில் தாங்கினாள். காற்றுக்காக யன்னல் பலகை மேலே போனது.

வைத்தியசாலைக்குப் போகுமுன் உயிர் பிரிந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு நண்பகல். பிரேத பரிசோதனை, வயிற்றிலிருந்த தேநீரில் விஷம் என்றது.

"ரீ கொண்டு போனது நீர். செத்தது உம்மட மனுசி. நேற்றுக் காலமை சண்டையும் பிடிச்சிருக்கிறீர்," என்றார் இன்ஸ்பெக்டர். ஹஸ்மியைச் சந்தேக நபராக்கிய அறிக்கை நீதவானுக்குப் போய்விட்டது. பிற்பகல் அசர் தொழுகைக்குப் பின் கிண்ணியாவில் சுபைதாவின் நல்லடக்கம். ஹஸ்மி பொலிஸ் கூண்டுக்குள் இருந்தான்.

சார்ஜன்ட் ரிஸ்லா தர்சிகாவைத் தனி அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

"இப்ப ஆம்பிளையள் இல்ல. சொல்லுங்க, நோன்பாளி எப்படி ரீ குடிச்சா?"

தர்சிகா உடைந்தாள். "அவள் நோன்பில்லை மிஸ். மாதவிலக்கு. புருசனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஆக்களுக்கு முன்னால எப்படிக் குடிக்கிறது? இருட்டினவுடன என்ர கிளாசை நான்தான் குடுத்தனான். கெதியாக் குடியடி, தாகத்தில செத்துப்போவாய் எண்டு பகிடிவேற விட்டனான்."

ரிஸ்லா நேரே கண்காட்சிக்குப் போய்த் தண்டவாளத்தில் குனிந்து தேடினாள். திரும்பியதும் சசிகரனை அழைத்தாள்.

"யன்னலைத் திறந்தது ஆர்?"

"நான்தான் மிஸ். காத்து வரட்டுமெண்டு."

"மேசையில இருந்த கிளாஸ்?"

"கவனிக்கேல்ல."

அவள் ஒரு பொதியை விரித்தாள். உடைந்த கண்ணாடித் துண்டுகள். இஞ்சி வாசம் இன்னும் போகவில்லை. "உங்கட யன்னலுக்குக் கீழ, கல்லுக்க கிடந்தது. நோன்பாளி மயங்கினா ஆரும் தண்ணியத்தான் தேடுவாங்க. நீங்க ரீக் கிளாசைத் தேடி வெளிய எறிஞ்சிருக்கிறீங்க. அதுக்குள்ள என்ன கிடந்ததெண்டு தெரிஞ்சவனுக்குத்தானே அது கண்ணை உறுத்தும்? ஹஸ்மி யன்னல் பக்கமே வரல்ல."

"அந்த மனுசியை நான் முன்பின் கண்டதேயில்லை! அவவை ஏன் நான் கொல்ல?"

"அவவைக் கொல்ல நீங்க வரல்ல. தர்சிகாவைக் கொல்லத்தான் யன்னல் பலகை இறக்கேக்க அவட கிளாசுக்குள்ள விஷம் போட்டீங்க. திறந்து கிடந்த கேற்றுக்குக் காவல் உங்கட தம்பி. விசாரிச்சிட்டன்."

"எல்லாரும்... அவ நோன்பெண்டுதானே நினைச்சவை," என்றான் சசிகரன் மெல்ல.

இன்ஸ்பெக்டர் புது அறிக்கையில் கையெழுத்திட்டார்.

ரிஸ்லா கூண்டருகே போனாள்.

"என்ட கையால மண் போட விடுவாங்களா மிஸ்?" என்றான் ஹஸ்மி.

"நீதவான் ஒப்பம் வைக்கோணும்."

"அவ நோன்பில்லாத கதைய எழுதாம விட ஏலாதா?"

"ஏலாது. அது இல்லாட்டி நீங்க வெளிய வர ஏலாது."

அவன் முகத்தைக் கம்பியில் சாய்த்தான்.

ரிஸ்லா அறிக்கையை மடித்து உறையிலிட்டு, எல்லா ஓரங்களிலும் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினாள். "நீதவானைத் தவிர ஒருத்தரும் பிரிக்கக் கூடாது. வீட்டுக்கே போய்க் கையில குடு," என்று கான்ஸ்டபிளிடம் நீட்டினாள். மோட்டார் சைக்கிள் புறப்பட்டுப் போனது.