மண்டையோட்டில் ஏலக்காய் வாசம்

"போடிநாயக்கனூர் வாழ் பெருமக்களின் மேலான கவனத்திற்கு! கோவேறு கழுதைகள் மலையிலிருந்து ஏலக்காய் சுமந்து வந்த காலத்தில் எழும்பிய நம் பழைய மார்க்கெட், இன்று வரலாற்றுச் சிறப்புமிக்க முறையில் இடிக்கப்படும்!"

மைக்கை வைத்துவிட்டு, மேம்பாட்டுக் குழுத் தலைவர் பொன்னுமணி வெள்ளி மண்வெட்டியைத் தூக்கினார். போட்டோவுக்குப் பல்லைக் காட்டியபடி ஒரே வெட்டு!

மண்ணுக்குள்ளிருந்து இன்னொரு பல்வரிசை சிரித்தது.

மண்டையோடு!

"ஆத்தாடீ...!"

மண்வெட்டி ஒரு பக்கம், மாலை ஒரு பக்கம், தலைவர் தெருப் பக்கம்!

கலீபுல்லா மட்டும் அசையவில்லை. ஏலக்காய் வியாபாரி. இந்தக் கூரைக்கடியில் இருக்கும் எட்டடிக் கடைதான் அவருடைய பிழைப்பு. புது காம்ப்ளெக்ஸில் கடைகளெல்லாம் தலைவரின் மச்சான்மார்களுக்கு.

"இனி கேஸு வருசக்கணக்கா இழுக்கும் மாப்ளே... ஒரு செங்கலத் தொட முடியாது," என்று பக்கத்துக் கடை மன்சூரின் காதைக் கடித்தார்.

"நெச மண்டையா மச்சான்?"

"மெதுவாடா! பிளாஸ்டிக்கு. எம்மக சுஃபியா நர்சிங் படிப்புக்கு வாங்குனது. நேத்து நாந்தேன் பொதச்சேன்."

ஜீப்பு வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் பவதாரணி இறங்கினார். ராமநாதபுரத்துக்காரி. போடிக்கு மாற்றலாகி ஒரு வாரம்தான்.

குனிந்தார். மூக்கு சுருங்கியது.

"என்னய்யா இது... மண்டையோட்டுல ஏலக்கா வாசம் தூக்குது?"

கலீபுல்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏலக்காய்ச் சாக்கில் சுற்றியல்லவா கொண்டுவந்தார்!

அவசரமாக முகர்ந்தார்... ஒன்றும் தெரியவில்லை! பிறந்ததிலிருந்து அந்த வாசத்திலேயே கிடக்கிற மூக்கு. மன்சூரும் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கொலகாரன் ஏலக்கா வியாபாரி!" பவதாரணி கர்ஜித்தார். "தலை இங்கன்னா உடம்பு எங்க? அத்தனை ஏலக்கா கடையையும் அஸ்திவாரம் வரைக்கும் தோண்டுங்க!"

இடிக்க வந்து சும்மா நின்ற ஜே.சி.பி. உறுமியது.

பேசினால் ஜெயில். பேசாவிட்டால் கடை இல்லை.

கலீபுல்லா ஓடினார். "நிப்பாட்டுங்கம்மா! நாந்தேன் வச்சேன்! அது பிளாஸ்டிக்கும்மா!"

"ஏட்டய்யா, ஒத்துக்கிட்டான்! விலங்க மாட்டுங்க."

"அம்மா, பிளாஸ்டிக்கு...!"

"எல்லாக் கொலகாரனும் இப்படித்தான் ஏதாவது சொல்வான்."

முதல் தூண் சரிந்தது. கூரை பின்னாலேயே வந்தது.

தெருமுனையிலிருந்து பொன்னுமணி மெல்லத் திரும்பினார். மாலையைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு, கேமராவைத் தேடினார்.

மண்டையோடு பிளாஸ்டிக்தான் என்று பிறகு லேப் ரிப்போர்ட் வந்தது.

மார்க்கெட்டில் முழுசாக மிஞ்சியது அது ஒன்றுதான்.