சிவப்பில் வருபவள்

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். ரயில் நிலையத்திலிருந்து ஆலைத் தெரு வழியாகப் பன்னிரண்டு நிமிட நடை. மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. வாசலில் அழைப்பு மணிக்கு அருகே என் பெயரை முன்பே ஒட்டியிருந்தார்கள். பலோயான். அந்த ஊரில் என் பெயரை அறிந்திருந்தது அந்தப் பலகை மட்டும்தான்.

திங்கள் முதல் வெள்ளி வரை செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. சனிக்கிழமை கடைக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமைதான் பிரச்சினை. கடைகள் மூடியிருக்கும். சத்தம் வரும் என்று துணி துவைக்கக் கூடாது. முதல் ஞாயிறு காலிப் பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடப் போனேன். கீழ் வீட்டு ஃப்ராவ் லூர்ஸ் ஜன்னலைத் திறந்தார்; ஃப்ராவ் என்றால் இங்கே திருமதி. எழுபது வயதைத் தாண்டியவர். உதட்டுச்சாயம் பூசாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"ஞாயித்துக்கிழமை பாட்டில் போடுறீங்களா? செத்தவங்க எந்திரிச்சு வந்துடப் போறாங்க."

"மன்னிச்சிடுங்க. தெரியாது."

"இப்போ தெரிஞ்சுடுச்சுல்ல."

ஜன்னல் மூடியது.

அதனால் நடந்தேன். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினால் இருட்டும் வரை நடப்பேன். கல்லறைத் தோட்டம், வாய்க்கால் கரை, பூட்டிய நீச்சல் குளம், சர்க்கரை ஆலையின் பின்மதில். மகள் லிலித் என் ஊரில், ஆர்மீனியாவில், என் தங்கை ஷுஷானுடன் இருந்தாள். அவளுக்கு ஏழு வயது. அவள் இங்கே வருவதற்கான காகிதங்கள் ஏதோ ஒரு மேசையில் கிடந்தன. எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. அவளைக் கூட்டிப்போக வேண்டிய இடங்களை மனதில் குறித்துக்கொண்டே நடந்தேன். குறித்து முடிந்த பிறகும் நடந்தேன்.

அக்டோபரின் கடைசி ஞாயிறு அது நடந்தது.

ஆலைத் தெருவும் ரயில் நிலையச் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நடப்பவர்களுக்கான சிக்னல் இருக்கிறது. சிவப்பு விழுந்திருந்தது. சாலை இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் காலியாகக் கிடந்தது. வார நாட்களில் சர்க்கரை எடுக்கும் கிழங்கை ஆலைக்கு ஏற்றிப்போகும் லாரிகள் சிந்திவிட்டுப் போன சேறு தாரில் காய்ந்திருந்தது. ஃப்ராவ் லூர்ஸ் அங்கே நின்றிருந்தார். தலையசைத்தேன். அவரும் அசைத்தார். இருவரும் காலிச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒரு நிமிடம் நின்றேன். குளிர்ந்தது. கடந்துவிட்டேன்.

"ஃப்ராவ் பலோயான்!"

பின்னால் அவர் குரல். கத்தல் அல்ல. அதைவிட மோசம்.

"சிவப்பு தெரியலையா? குழந்தை பார்க்குதுல்ல?"

இந்த நாட்டில் எல்லோரும் சொல்வது அது. பெரியவர்கள் மட்டும் இருந்தால் சிலர் கடப்பார்கள். குழந்தை பார்க்கும்போது யாரும் கடக்க மாட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் மட்டும் நின்றிருந்தார்.

"எந்தக் குழந்தை?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குச் சற்றுப் பின்னால், என் இடுப்பு உயரத்தில், எதையோ பார்த்தார். பச்சை வந்தது. அவர் கடக்காமல் வந்த வழியே திரும்பிப் போனார்.

வாய்க்கால் கரையில்தான் முதலில் கேட்டது.

என் ஒரு காலடிக்கு இரண்டு காலடி.

நின்றேன். நின்றது.

நடந்தேன். சருகுகள் மேல் சின்னச் சின்னதாக அவசர நடை. நெடிய காலுக்கு ஈடுகொடுக்க முயலும் நடை.

திரும்பினேன். பாதை காலியாக இருந்தது. ஈரமண் வாசனையும் வேகவைத்த கிழங்கின் மந்தமான இனிப்பும் வந்தன. ஆலை இயங்கும் மாதம் அது. ஊர் முழுக்க அந்த வாசனைதான். அப்படிச் சொல்லிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

அதுவும் வேகமாக வந்தது.

வீட்டு வாசல்வரை வந்தது. படி ஏறவில்லை. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியபோது வாசலிலிருந்து மீண்டும் தொடங்கியது.

முதல் வாரம் தூங்கவில்லை. இரண்டாம் வாரம் தூங்கினேன். மூன்றாம் வாரம் அதற்காக நடை வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக நான் எங்கே போகிறேன், எப்போது திரும்புகிறேன் என்று யாரும் கவனித்ததில்லை. இது கவனித்தது. நான் குட்டையைத் தாண்டினால் அதுவும் தாண்டியது. நான் இருமினால் பின்னால் ஓர் இருமல் கேட்டது.

பேசத் தொடங்கினேன். என் மொழியில்தான். இது வாத்து. இது பூட்டு. இந்த வீட்டுக்காரர் தோட்டத்தில் குள்ளன் பொம்மை பதினொன்று வைத்திருக்கிறார், எண்ணிப் பார். ஒரு நாள் ஷுஷானுடன் போனில் பேசிக்கொண்டே நடந்தேன்.

"யாருக்கா அது பின்னாடி இருமுறது?" என்றாள்.

"யாருமில்லையே."

"யாருமில்லையா? ஆள் புடிச்சுட்டேன்னு சொல்லேன். நான் யார்கிட்ட சொல்லப் போறேன்."

சிரித்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஒரு மாலை கையுறை போட மறந்து கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தேன். என் இரண்டு விரல்களை ஒரு கை பற்றிக்கொண்டது. மிகச் சிறிய கை. சேறு ஒட்டியிருந்தது.

விலக்கவில்லை.

நவம்பர் நடுவில் கடிதம் வந்தது. லிலித்துக்கு விசா. அடுத்த புதன்கிழமை வருகிறாள். விமானத்தில் பாதி வழிவரை ஷுஷான் கூட வந்து, நேரே இங்கு வரும் ரயிலில் ஏற்றிவிடுவாள். படிக்கட்டில் ஃப்ராவ் லூர்ஸைப் பார்த்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேறு யாரிடம் சொல்வேன்?

அவர் சந்தோஷப்படவில்லை.

"எத்தனை வயசு?"

"ஏழு."

"உள்ள வாங்க."

காபி கொடுத்தார். எதிரே உட்கார்ந்தார். தன் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இன்னும் உங்ககூட வர்றாளா?"

தலையசைத்தேன்.

"வீப்கே. அதான் அவ பேரு. ஆறு வயசு. எண்பத்து நாலாம் வருஷம், நவம்பர். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. ரோடு காலியா இருந்துச்சு. சிவப்புல ஓடிட்டேன். பக்கத்துல ஒரு பொண்ணு நின்னுச்சு, நான் கவனிக்கலை. பெரியவங்க போறாங்க, அப்போ போகலாம்னு நினைச்சிருக்கா." கோப்பையைக் கீழே வைத்தார். "கிழங்கு டிராக்டர் வளைவுல திரும்புச்சு."

நான் என் கோப்பையைத் தட்டோடு தள்ளிவைத்தேன்.

"என்மேல தப்பில்லைன்னு எல்லாரும் சொன்னாங்க. அந்தப் பொண்ணோட அம்மாகூட. இந்த ஊர்க்காரங்க யாரும் அங்க சிவப்புல போக மாட்டாங்க. பின்னாடி போக ஆள் இல்லாததால அவ அங்கயே நிப்பா. நான் ஞாயித்துக்கிழமை போய்க் கொஞ்ச நேரம் கூட நிப்பேன். அன்னைக்கு நீங்க வந்தீங்க."

"முன்னாடியே ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. குழந்தை பார்க்குதுன்னு சொன்னேனே." ஜன்னல் பக்கம் திரும்பினார். "உங்க கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கணும். அவ உங்க பின்னாடி ஓடிப் போனதைப் பார்த்ததும் எனக்கு மனசு லேசாயிடுச்சு. அதான் வாயைத் திறக்கலை. திட்டணும்னா திட்டுங்க."

"அவ என்னை ஒண்ணும் செய்யலை."

"உங்களை ஒண்ணும் செய்ய மாட்டா. நீங்க பெரியவங்க. நீங்க அவளுக்கு வழி காட்டுறீங்க. அவ உங்க பொண்ணுக்கு வழி காட்டுவா. அவளுக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான்."

சமையலறையில் குளிர்பதனப் பெட்டி உறுமி நின்றது.

"எப்படி விடுறது?"

"அந்த சிக்னல்ல பச்சைல கடங்க. அவளுக்குப் பச்சை பழக்கமில்லை. நின்னுடுவா. நானும் ஒரு தடவை கூட்டிட்டு வந்து மூணு மாசம் வச்சிருந்தேன். அப்புறம் அப்படித்தான் விட்டேன்." கதவுவரை வந்தார். "திரும்பிப் பார்க்காதீங்க. நான் பார்த்தேன்."

ஞாயிறு மதியம் கையுறை இல்லாமல், பாலம் வழியாகச் சுற்றி, ரயில் நிலையப் பக்கமிருந்து சிக்னலுக்குப் போனேன். சிறிய கை என் விரல்களைப் பிடித்துக்கொண்டு வந்தது. வழியில் எதுவும் பேசவில்லை. அது ஒரு முறை இருமியது, நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து.

சிக்னலில் சிவப்பு. நின்றோம்.

பச்சை.

காலை எடுத்து வைத்தேன். விரல்களிலிருந்து அந்தக் கை நழுவியது.

எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தேன். என் காலடி மட்டும் கேட்டது. பின்னாலிருந்து, என் மொழியில், மெதுவாக:

"இது வாத்து. இது பூட்டு."

திரும்பவில்லை. வீடுவரை நடந்தேன். அவ்வளவு அமைதியான நடை எனக்கு அந்த ஊரில் வாய்த்ததில்லை. அன்றிரவு அழுதேன். பயந்து அல்ல.

புதன்கிழமை மாலை நாலரை மணி ரயிலில் லிலித் வந்தாள். ரயில் ஊழியர் ஒருவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். உயரமாகியிருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

"பல்லு எங்கடி?"

"சித்திகிட்ட இருக்கு. நீ பல்லு செய்யுறவதானே, ஒண்ணு செஞ்சு மாட்டிவிடு."

சிரித்தேன். அவள் முடியை முகர்ந்துகொண்டே இருந்தேன். பாலம் வழியாகச் சுற்றிப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இருட்டிக்கொண்டு வந்தது. பெட்டி கனத்தது. அவளுக்குக் கால் வலித்தது. பச்சையில் போனால் ஒன்றுமில்லை என்று ஃப்ராவ் லூர்ஸே சொல்லியிருக்கிறார். ஆலைத் தெருவுக்குத் திரும்பினேன்.

சிவப்பு.

பெட்டியை வைத்தேன். லிலித்தின் கையை இறுகப் பிடித்தேன். லாரிகள் வரிசையாகப் போயின. கிழங்குகள் மேலே குவிந்து ஆடின. சக்கரங்கள் சேற்றை வீசின.

லிலித் தன் மறுபக்கம் திரும்பியிருந்தாள்.

"அம்மா, இவ யாரு?"

அங்கே யாரும் இல்லை.

"யாருமில்லை. இந்தப் பக்கம் பாரு."

"நம்ம பாஷை பேசுறா."

பச்சை வந்தது. லாரி ஒன்று பிரேக் போட்டு நின்றது. இழுத்தேன். லிலித் அசையவில்லை.

"வா!"

"இதுல போகக் கூடாதாம். நீ அன்னைக்கு இதுலதான் அவளை விட்டுட்டுப் போனியாம்."

"லிலித், நட!"

"இரும்மா. அடுத்ததுல போலாங்குறா."

பச்சை அணைந்தது. நின்றிருந்த லாரி உறுமிக் கிளம்பியது.

என் கையில் அவள் கையுறை மட்டும் இருந்தது.

அவள் சாலையில் இரண்டடி போயிருந்தாள். ஓடவில்லை. யாரோ கைபிடித்துக் கூட்டிப்போவதுபோல் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி நடந்தாள்.

கோட்டின் தொப்பியைப் பற்றி இழுத்தேன். இருவரும் நடைபாதையில் விழுந்தோம். சேறு முகத்தில் அறைந்தது. ஹாரன் சத்தம் நெடுந்தூரம் போய் ஓய்ந்தது.

லிலித் அழவில்லை. சாலையின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளையும் இழும்மா," என்றாள். "நடுவுல நிக்கிறா."

அடுத்த லாரியின் விளக்கு வளைவில் தெரிந்தது.

நான் யோசிக்கவில்லை. லிலித்தை இடது கையால் அணைத்துக்கொண்டு வலது கையைச் சாலைக்குள் நீட்டினேன். சிறிய கை ஒன்று விரல்களைத் தொட்டது. இழுத்தேன்.

அடுத்த பச்சைக்குக் காத்திருந்தேன். குனிந்து வாரித் தூக்கினேன். ஏழு வயதுக் குழந்தையின் எடை எனக்குத் தெரியும். இது அதைவிடக் கூடுதலாக இருந்தது. கழுத்தில் எத்தனை கைகள் சுற்றின என்று நான் எண்ணவில்லை. பச்சையில் நடந்தேன். பாதிச் சாலையில் ஒரு முகம் என் தோளில் பதிந்து, பார்க்காமல் ஒளிந்துகொண்டது. லிலித் என் காதருகே, "பயப்படாதே, எங்கம்மா தூக்கிட்டாங்கல்ல," என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

வாசலில் ஃப்ராவ் லூர்ஸ் கதவைத் திறந்தார். சேறு அப்பிய எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"பெட்டி எங்க?"

"சிக்னல்ல."

அவர் கோட்டை எடுத்தார். தாண்டிப் போகும்போது நின்றார். விரலால் லிலித்தின் கன்னத்துச் சேற்றைத் துடைத்தார். பிறகு என் காலியான தோள் பக்கம், வெறும் காற்றில், அதேபோல் துடைத்தார். வெளியே போனார்.

மூன்று மாடி ஏறினேன். விளக்கைப் போட்டேன். குனிந்தேன். லிலித் இறங்கினாள். "இதுதான் நம்ம வீடா, இவ்வளவு சின்னதா?" என்று சமையலறைக்குள் ஓடினாள்.

நான் குனிந்தபடியே காத்திருந்தேன்.

கையிலிருந்த எடை இறங்கவில்லை.