பாசி பிடித்த கண்ணாடி

காலையில் சுத்தமாகச் சுரண்டிய மீன்தொட்டிக் கண்ணாடி மாலைக்குள் மறுபடி பச்சையாகியிருந்தது. சுந்தரவல்லி விரலால் தேய்த்துப் பார்த்தாள். பூரி ஜகந்நாதரைப் பார்க்கப் போன மாடிவீட்டு வத்சலா மாமி இன்று திரும்புகிறாள். மாமியின் கணவர்தான் சுந்தரவல்லியின் புருஷனுக்கு ஆபீஸில் மேலதிகாரி.

"மீன்தொட்டி விளக்கைச் சாயங்காலம் கொஞ்ச நேரம் போட்டாப் போறும். ஜாஸ்தி எரிஞ்சா பாசி அப்பிடும்" என்று சொல்லித்தான் மாமி சாவியைக் கொடுத்தாள். இவளோ பூஜை விடுமுறை முழுக்க, பகலெல்லாம் விளக்கை எரியவிட்டு, மாமியின் பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு, சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, நீர்ச்செடிகளுக்குள் மீன்கள் நுழைந்து வருவதைப் பார்த்தபடி, தானே இந்த வீட்டு எஜமானி என்று உட்கார்ந்திருந்தாள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். புடவையை மடித்து பீரோவில் வைத்தாயிற்று. பாசியை எங்கே மறைப்பது? நினைக்க நினைக்க உடம்பு கூசியது. மாமி முகத்தில் விழிக்காமல் எங்கேயாவது ஒளிந்துகொண்டால் தேவலை என்றிருந்தது.

கரண்ட் போனது. காளிகாட் சந்து முழுக்க இருண்டது. மெழுகுவர்த்தியை ஏற்றி, கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு, புருஷனின் சவர பிளேடால் சுரண்டினாள். கீச்சென்ற சத்தமும், குளத்துச் சேற்று வாடையும், எங்கோ தெருவில் ரிக்‌ஷா மணியும். விரல் அகலத்துக்குக் கண்ணாடி தெளிந்தது. அதில் நாற்காலியின் நிழல். நாற்காலியில் யாரோ.

திரும்பினாள். காலி.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளுக்கு இவள் முகம்.

படியில் செருப்புச் சத்தம். மாமிதான். கரண்ட் வந்தது.

"என்னடி, இருட்டிலயா உக்காந்திருந்தே?"

"ஆமா மாமி. தொட்டியப் பாருங்க, துளி பாசி இல்ல."

சுந்தரவல்லியின் குரல். ஆனால் பேசியது அவள் இல்லை.

"பரவாயில்லையே. பளிச்சுனு வெச்சிருக்கே."

மானம் தப்பியது என்றுதான் சுந்தரவல்லிக்கு முதலில் தோன்றியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். குமிழியாக மேலே போனது.

வாயைத் திறந்தாள். தண்ணீர். குளிர்.

கண்ணாடியைத் தட்டினாள். மாமி குனிந்தாள். அவ்வளவு பெரிய கண்.

"உள்ளே என்னவோ அசையறதே?"

"செடிதான் மாமி."

நாற்காலியில் இருந்தவள் சாவியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். கீழ்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம். மகள் குரல். "எங்கம்மா போன, இவ்ளோ நேரம்?"

"வந்துட்டேன்டி கண்ணு."

மாமி தொட்டி விளக்கை அணைத்தாள்.