நொண்டிய இருவர்

வெள்ளிக்கிழமை காலை 5.40. கேரளத்து விழிஞ்ஞத்தில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கடலோரம் பிரதர்ஸ் கால்பந்து கிளப்பின் மாடியறையில் கண்ணாடி அலமாரி திறந்து கிடந்தது. உள்ளே இருந்த வெள்ளிக் கோப்பையைக் காணோம்.

முதலில் பார்த்தவர் வாட்ச்மேன் ராஜையன். மேலே ஏதோ உருளும் சத்தம் கேட்டு அவர் படியேறினார். இருந்தது அந்த ஒரே படிதான். வழியடைபட்ட திருடன் பால்கனியைத் தாண்டிக் கீழே குதித்துவிட்டான். பின்பக்கம் முழுக்க சிமென்ட் தரை. ராஜையன் எட்டிப் பார்த்தபோது, அரையிருட்டில் ஓர் உருவம் நொண்டிக்கொண்டே கட்டட மூலையில் மறைந்தது. முகம் தெரியவில்லை.

அவர் டார்ச்சைத் தேடி எடுத்துக்கொண்டு கீழே வந்தால், முன்வாசலில் கிளப் மேனேஜர் ஐயப்பன் கணுக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பிரவின்ராஜாக்கும்! நான் கண்டேன். மதிலைச் சாடி ஓடிட்டான். துரத்தினேன், கால் பிரண்டு போச்சு."

ஆறரைக்கு போலீஸ் ஜீப் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளுக்குள் நுழைந்தது. பிரவின்ராஜ் கிளப்பின் பின்கள ஆட்டக்காரன், இருபது வயது. அப்பாவுக்குக் கட்டட வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவன் நொண்டிக்கொண்டே வந்து கதவைத் திறந்தான். போலீசுக்கு அதுவே போதுமாக இருந்தது. தெரு முழுக்க வாசலில் நின்று பார்க்க, அவனை ஜீப்பில் ஏற்றி விசாரிக்கக் கிளப்புக்கே கொண்டுபோனார்கள்.

பிரேமா கிளப்புக்கு வந்தபோது மணி எட்டு. திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட் அவள். ஆட்டம் நெருங்கினால் காலையில் இங்கே வந்து பையன்களின் கால்களைப் பார்த்துவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். பிரவின்ராஜுக்கு அடுத்த மாதம் மாநில அணித் தேர்வு வேறு. கேட்டுக்கு வெளியே அவன் அம்மா பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் பிரேமா அவளிடம் போனாள்.

"எம்புள்ள அப்படிச் செய்ய மாட்டான்க்கா."

"நீங்க இங்கேயே நில்லுங்க. நான் பாத்துட்டு வாறேன்."

கீழ்த்தளத்தில் பால்கனிக்கு நேர் அடியில் முதலுதவி அறை. பெஞ்சில் பிரவின்ராஜ், பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். எதிரே நாற்காலியில் ஐயப்பன், கணுக்காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு. மூலையில் மீன்காரர்கள் வைத்திருப்பதைப் போன்ற பெரிய ஐஸ் பெட்டி. சப் இன்ஸ்பெக்டர் ஷாஜி மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"மேடம், இவன் காலை ஒண்ணு நோக்கணும். ஸ்டேஷன்ல வெச்சு ஒடிச்சதுன்னு நாளைக்கு ஆரும் சொல்லப்படாது, அல்லே?"

பிரேமா மண்டியிட்டுச் சாக்ஸை உருட்டி இறக்கினாள். வலது கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கியிருந்தது. நடுவில் கருநீலம். ஓரங்களில் மஞ்சளும் பச்சையும்.

"எப்ப பட்டது?"

"போன ஞாயித்துக்கிழமைக்கா. தனியா ஓடிப் பழகுனேன். குழியில கால் மடங்கிட்டு."

"ஏன் சொல்லல?"

அவன் தலையைக் குனிந்தான். "தேர்வுக்கு அனுப்ப மாட்டீங்கன்னுதான்."

அவள் கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினாள். அவன் அசையவில்லை. எலும்புக்கு முன்னால், சற்றுக் கீழே விரலை வைத்ததும் பல்லைக் கடித்தான். குதிகாலை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நெருக்கினாள். ஒன்றுமில்லை. எழுந்து நடக்கச் சொன்னாள். நொண்டினான்; ஆனால் பாதம் முழுவதையும் தரையில் வைத்து நடந்தான்.

"பொய்யாக்கும்," என்றார் ஐயப்பன். "ஞாயித்துக்கிழமை பட்டவன் நேத்து வரை எப்படிப் பந்து களிச்சான்?"

பிரேமா திரும்பினாள். "உங்க காலையும் பாத்திருவோம் அண்ணே. கொஞ்சம் பெஞ்சுக்கு வாங்க."

ஐயப்பன் ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு எழுந்தார். முன்பாதத்தை மட்டும் ஊன்றி, குதிகால் தரையில் படாமல் இரண்டு எட்டு வைத்து பெஞ்சில் சாய்ந்தார்.

"முதல்ல ஐஸ் வெப்போம்."

"ஐஸ் வேண்டாம். சூடா ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் போட்டுத் தடவினா மதி, அது போதும்."

"அடிபட்ட அன்னிக்கே சூடா? வீக்கம் கூடத்தான் செய்யும்."

"ஐஸ் எங்கே இருக்கு? பெட்டி காலி. பிளான்ட்ல இருந்து இன்னும் வரல."

பிரேமாவின் கண் மூலைக்குப் போனது. பெட்டியின் அடியடைப்பிலிருந்து தண்ணீர் சொட்டிச் சுவரோரமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் எதுவும் சொல்லாமல் பேண்டேஜை அவிழ்த்தாள்.

"எங்கே வலி?"

"இங்கே." வெளிப்பக்கத்து எலும்பைக் காட்டினார்.

"ஞாயித்துக்கிழமை கோல்கீப்பரா யாரை நிறுத்தப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் காட்டிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"பழைய பையன்தான்," என்றார் அவர் சாதாரணமாக. முகம் சுளிக்கவில்லை.

அவள் கைகள் குதிகாலுக்கு நகர்ந்தன. மெல்லத்தான் நெருக்கினாள்.

ஐயப்பன் அலறிய அலறல் கேட்டுக்கு வெளியே நின்ற பேச்சிக்கே கேட்டிருக்கும்.

பிரேமா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு இனிச் சந்தேகம் இல்லை.

"சார், நீங்க தப்பான காலைப் பிடிச்சு வெச்சிருக்கீங்க."

"எந்தா?" என்று நிமிர்ந்தார் ஷாஜி.

"இன்னிக்குக் காலையில பட்ட அடி ரெண்டு மணி நேரத்துல மஞ்சளாகாது. பிரவினோட காயம் அவன் சொன்ன மாதிரி பழசு. பாதம் உள்பக்கமா மடங்கி, வெளிப்பக்கத்துத் தசைநார் இழுபட்டிருக்கு. எலும்பு ஒடியல. மாடியில இருந்து சிமென்ட் தரையில குதிக்கிறவனுக்கு இப்படிப் படாது. குதிகால்தான் முதல்ல தரையில மோதும். அந்த அதிர்ச்சி இடுப்பு வரைக்கும் ஏறும்."

ஷாஜி ஐயப்பனைப் பார்த்தார். ஐயப்பனின் கை இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

"இவருக்குக் கணுக்கால்ல ஒண்ணுமே இல்ல. பிரண்ட இடம்னு காட்டினாரே, அங்கே அழுத்தினப்போ என்கூட பேசிட்டு இருந்தார். குதிகால் எலும்புதான் ஒடிஞ்சிருக்கணும். சமதரையில துரத்தினா குதிகால் ஒடியுமா?"

"நான்... படியில விழுந்தேன்," என்றார் ஐயப்பன்.

"முதல்ல துரத்தினேன்னீங்க."

"எங்கே விழுந்தா என்ன? கோப்பையைக் கொண்டுபோனது அவன்தான். மதில் சாடினதைக் கண்டேன்னு சொல்லியாச்சு!"

"சாடியிருக்க முடியாது அண்ணே. அந்த உயரத்துல இருந்து குதிச்சவன் மதில் பக்கம் போறதே கஷ்டம். கோப்பை இந்தக் கிளப் வளவை விட்டுப் போகல." அவள் குரல் தணிந்தது. "நம்ம பையன்களுக்கு அடிபட்டா ஐஸ் வெச்சுட்டுத்தான் எனக்குப் போன் பண்ணுவீங்க. சூடு வெக்கப் போனவங்களை எத்தனை தடவை ஏசியிருக்கீங்க! இன்னிக்கு உங்க காலுக்கு மட்டும் ஐஸ் வேண்டாம்னீங்க. காலின்னு சொன்ன பெட்டியில இருந்து தண்ணி சொட்டிட்டு இருக்கு, சார்."

ஷாஜி பெட்டியைத் திறந்தார். மேலே வரை ஐஸ். கையை உள்ளே விட்டு அளைந்தார். வெளியே எடுத்தபோது வெள்ளிக் கோப்பையின் ஒரு காது அவர் பிடியில் இருந்தது.

ஷாஜி கோப்பையை ஐயப்பன் முன்னால் வைத்தார். ஐயப்பன் அதைப் பார்த்தபடியே பேசினார்.

"இந்த ஆட்டத்தோட என்னை மாத்தறாங்களாம். கமிட்டி தீர்மானம் போட்டாச்சு. இந்தக் கப்பு யாராலே வந்தது? நான் இல்லாம அவங்க அதை வெச்சுக் கொண்டாடக் கூடாதுன்னு தோணிச்சு." அவர் பிரவின்ராஜைப் பார்க்கவில்லை. "இவன் நொண்டுறதை ரெண்டு நாளா கவனிச்சிட்டு இருந்தேன். ராஜையன் இறங்கி வாறப்போ அந்தப் பேருதான் நாக்குல வந்துச்சு."

"எனக்கு அடிபட்டது தெரிஞ்சும் சொல்லலியா சேட்டா?" என்றான் பிரவின்ராஜ். அவனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க சார்," என்றாள் பிரேமா. "காலை ஊன விடாதீங்க. குதிகாலோட முதுகெலும்பையும் சேத்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க." அவர்மேல் கோபம் இருந்தாலும், அங்கே கிடந்த அட்டையை மடித்து அவர் பாதத்துக்குத் தாங்கலாக அவளே கட்டிவிட்டாள்.

பேச்சி உள்ளே வந்தாள். மகனைக் கட்டிக்கொண்டாள், பிறகு முதுகில் ஒன்று வைத்தாள். "அடிபட்டதை என்கிட்ட கூடவாலே மறைப்பே!" அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு மூச்சு வாங்கியது.

பிரேமா துண்டில் ஐஸைச் சுற்றி அவன் கணுக்காலில் வைத்தாள். "நேரடியா தோல்ல வெக்கப்படாது. கொஞ்ச நேரம் வெச்சு எடுக்கணும். இறுக்கமில்லாம கட்டு, காலைத் தலையணை மேல தூக்கி வெச்சு ஓய்வு. வீக்கம் வத்தினதும் பயிற்சி சொல்லித் தாறேன். ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல நீ களிக்கல."

"தேர்வுக்குப் போகலாமாக்கா?"

"நான் சொல்றபடி கேட்டா, போகலாம்."

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. பிரேமா அவனை அழவிட்டாள்.

ஐயப்பனைக் கான்ஸ்டபிளோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஷாஜி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "அம்மா, தப்பு எங்களுடையதாணு. பையனைக் கூட்டிட்டுப் போகலாம்."

பேச்சி நகரவில்லை.

"காலையில தெருவே நின்னு பாத்துச்சு சார். இங்க சொன்னா எங்க தெருவுக்குக் கேக்குமா?"

ஷாஜி வெளியே போய் ஜீப்பின் முன்கதவைத் திறந்து பிடித்தார். பிரவின்ராஜ் காலை நீட்டி முன்சீட்டில் உட்கார, பேச்சியும் பிரேமாவும் பின்னால் ஏறினார்கள். ஜீப் லைன் வீடுகளுக்குள் நுழைந்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஷாஜி நடுத்தெருவில் இறங்கி நின்று, தனக்குத் தெரிந்த தமிழில் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"பிரவின்ராஜ் ஒண்ணும் எடுக்கல! எடுத்தவரைப் பிடிச்சாச்சு!"

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்," என்றாள் பேச்சி. "கடைசி வீட்டுக்குக் கேக்கல."

அவர் இன்னொரு தடவை சொன்னார்.