தமயந்தி டீச்சரின் சொற்கள்

உரைப்பட்டைகள் வந்து நான்கு ஆண்டுகளில் திண்டுக்கல்லின் அந்தச் சிறப்புப் பள்ளி மற்ற பள்ளிகளைப் போலவே இரைச்சலாகிவிட்டது. பேச்சு வராத பிள்ளைகள் நெற்றியில் துணிப்பட்டை கட்டியிருந்தார்கள். அது மூளையின் அதிர்வையும் உடலின் அசைவையும் படித்து, அவர்கள் நினைப்பதை இனிமையான குரலில் சொன்னது. "தண்ணி வேணும்." "பயமா இருக்கு." "அம்மா."

தமயந்தி டீச்சர் ஓய்வு பெற ஒரு வாரம் இருந்தபோது, அஃப்ரினின் தலையணையில் சீழ்க் கறை இருந்ததாக அவள் அம்மா நூர்ஜகான் தொலைபேசியில் சொன்னாள். அஃப்ரினுக்குப் பதினாறு வயது. ஆறு வயதில் தமயந்தியிடம் வந்தவள். மருத்துவர் பார்த்துவிட்டு, மூன்று வருடப் புண், வலது காது இனிக் கேட்காது என்றார்.

மூன்று வருடமாக அவள் அந்தக் காதை அழுத்திக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு முறையும் பட்டை "சத்தமா இருக்கு" என்றது. உடனே மின்விசிறியை நிறுத்துவார்கள், கதவைச் சாத்துவார்கள். யாரும் காதைப் பார்க்கவில்லை.

பிரிவு விழாவுக்குப் பட்டைகளை ஒலிபெருக்கியோடு இணைக்க வந்திருந்த இளம்பரிதியைத் தமயந்தி தனியாக அழைத்தாள். பட்டையை உருவாக்கிய குழுவில் அவனும் ஒருவன்.

"பட்டை அவ மனசைத்தானே படிக்குது, தம்பி?"

"மூளையில என்ன நடக்குதுன்னு படிக்கும், டீச்சர். அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியாது. அர்த்தமெல்லாம் நீங்க குடுத்தது." அவன் பெருமையாகச் சொன்னான். "ரெண்டு வருஷம் உங்க வகுப்புல கேமரா வெச்சோமே. பிள்ளைங்க ஏதாவது பண்ணினா, இவ இதைச் சொல்றான்னு நீங்க சொல்வீங்கல்ல? அதை அப்படியே எடுத்துக்கிட்டோம். இன்னைக்கு ரெண்டாயிரம் பள்ளியில உங்க காதாலதான் கேக்குறாங்க."

தமயந்திக்கு அதில் ஒரு நாள் நினைவிருந்தது. அஃப்ரின் காதைப் பொத்தினாள். 'சத்தம் பிடிக்கலை அவளுக்கு' என்று கேமராவைப் பார்த்துச் சொன்னது அவள்தான். அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

"நான் தப்பா சொல்லியிருந்தா?"

"அதைச் சரிபார்க்க வழியில்லையே, டீச்சர். பிள்ளைங்கதானே சொல்லணும்?"

அன்று மாலையே அவள் நூர்ஜகான் வீட்டுக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். நூர்ஜகான் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காதுக்கு நான் யாரையும் குத்தம் சொல்லலை, டீச்சர். பெத்தவ நானே பாக்கலையே."

"காது மட்டும் இல்ல, நூர்ஜகான். அவ முனகுறப்ப பட்டை அம்மான்னு சொல்லுதே..."

தமயந்தியால் முடிக்க முடியவில்லை. பத்து வருடம் முன்பு, 'என்னை இதுக்கு அடையாளமாவது தெரியுமா டீச்சர்' என்று நூர்ஜகான் அழுதபோது, மின்விசிறியைப் பார்த்து முனகிக்கொண்டிருந்த பிள்ளையைக் காட்டி, 'உங்களைத்தான் கூப்பிடுறா' என்று தமயந்தி சொல்லியிருந்தாள். ஆறுதலுக்குச் சொன்னது. சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பிவிட்டாள். கேமராவிடமும் சொன்னாள்.

நூர்ஜகான் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மத்ததை என்ன வேணா மாத்தச் சொல்லுங்க, டீச்சர். அந்த ஒண்ணை விட்டுடுங்க."

விழாவில் முப்பத்திரண்டு பிள்ளைகள் வரிசையாக மேடையேறினார்கள். "டீச்சர், போகாதீங்க." "டீச்சரை எனக்குப் பிடிக்கும்." ஒவ்வொரு பட்டையும் பேசி முடித்ததும் பெற்றோர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளில் ஒருத்தி பட்டையைப் பிய்த்து எறியப் பார்த்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தமயந்தி பொன்னாடையோடு உட்கார்ந்து, தன் சொற்கள் ஒவ்வொன்றாகத் தன்னிடமே திரும்பி வருவதைக் கேட்டாள். பேச அழைத்தபோது எழுந்தாள்.

"இந்தப் பிள்ளைங்க என்ன சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும்னு முப்பத்திமூணு வருஷம் நெனச்சேன். கொஞ்சம் தெரியும். மீதி நானா சொன்னது. எது எதுன்னு இப்ப எனக்கே தெரியலை. பட்டையைக் கழட்டிட்டு அவங்களைப் பாருங்க."

டீச்சரின் தன்னடக்கம் என்று எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு, தமயந்தி வராந்தாவில் அஃப்ரினின் பட்டையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்தாள். அஃப்ரின் முனகினாள். உள்ளங்கையை டீச்சரின் கன்னத்தில் வைத்து எடுத்தாள். தன் முழங்காலை இரண்டு முறை தட்டினாள். தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

வழக்கமாக இதற்குள் தமயந்தி எதையாவது சொல்லியிருப்பாள்.

"எனக்குத் தெரியலைம்மா" என்றாள்.

சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நூர்ஜகான் வந்தாள். பட்டையை எடுத்து மகளின் நெற்றியில் கட்டினாள். அஃப்ரின் மறுபடி முனகினாள்.

"அம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றது பட்டை.

"போலாம்டா கண்ணு." நூர்ஜகானின் முகம் மலர்ந்தது. "வீடுன்னா பறக்குறா பாருங்க, டீச்சர்."

கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். அஃப்ரினின் கால்கள் தரையில் இழுபட்டன. வாசல் கதவின் கம்பியை ஒரு கையால் பற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் போக விருப்பமில்லை என்று சொல்ல தமயந்தி வாயைத் திறந்தாள். அதுவும் தன் சொல்தானே என்று மூடிக்கொண்டாள்.

நூர்ஜகான் மகளின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள்.